கம்பத்தின் அடியில் போடும் வயர் ஒட்டு: டேப் சுற்றினால் போதுமா?

17 அக்டோபர் 2024, காலை. வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி

எங்கள் குடியிருப்பின் உட்சாலையில் 14 இரும்பு விளக்குக் கம்பங்கள் உள்ளன. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு சிறிய கதவு உண்டு. மண்ணிலிருந்து வரும் வயரும், அடுத்த கம்பத்துக்குச் செல்லும் வயரும், மேலே விளக்குக்கு ஏறும் வயரும் அதற்குள் ஒன்றாக முறுக்கப்பட்டு டேப் சுற்றிக் கிடக்கின்றன. 15ஆம் தேதி பெய்த மழைக்குப் பிறகு, மாலையில் விளக்கைப் போட்டவுடன், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடுகிறது. எல்லா ஒட்டுகளையும் பிரித்து, இறுக்கமாக முறுக்கி, மூன்று சுற்று டேப் போட்டு, மேலே எம்-சீல் எபாக்ஸி பூசினால் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். அதுவரை ஆர்.சி.சி.பி.யை விட்டுவிட்டு நேரடியாக இணைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

17 அக்டோபர் 2024, இரவு

நேரடி இணைப்பு வேண்டவே வேண்டாம். போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் இடையே வித்தியாசம் வந்தால்தான் ஆர்.சி.சி.பி. விழும். அந்த வித்தியாசம் இப்போது உங்கள் 14 கம்பங்களில் ஏதோ ஒன்றின் வழியாக ஈர மண்ணுக்குள் இறங்குகிறது. ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிட்டால் விளக்கு எரியும், கசிவும் தொடரும், அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை நிறுத்தும் குழந்தைக்கு அது தெரியப்போவதில்லை. 2017 நவம்பரில் கொடுங்கையூரில் மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2019 செப்டம்பரில் முகலிவாக்கத்தில் தெருவிளக்குக்கான நிலத்தடிக் கம்பியால் 14 வயதுச் சிறுவன் இறந்தான். இந்த இரண்டையும் உங்கள் சங்கக் கூட்டத்தில் நினைவூட்டுங்கள்.

இன்றிரவு விளக்குகள் எரியாமலே இருக்கட்டும். டேப் பற்றி நாளை எழுதுகிறேன்.

18 அக்டோபர் 2024

ஒட்டுகளைப் பிரிப்பதற்கு முன் எந்தக் கம்பம் என்று கண்டுபிடிக்க வேண்டும். பதினான்கையும் ஒரே நாளில் பிரித்து முறுக்கினால், பழைய குற்றவாளி எது என்று தெரியாமல் போவதோடு, நன்றாக இருந்த பதிமூன்றும் புதிய சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முதலில் ஒரு சிறு சோதனை. விளக்குகளுக்கான எம்.சி.பி.யை (மின்சாரம் அளவுமீறினால் தானே விழும் சுவிட்சை) மட்டும் கீழே இறக்கிவிட்டு, அதே ஆர்.சி.சி.பி.யில் உள்ள மற்றவற்றை, வாயிற்காப்பாளர் அறையின் மின்விசிறியையோ மோட்டாரையோ, ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், ஏதோ ஒரு கம்பத்தில் நியூட்ரல் வயர் இரும்பையோ ஈரத்தையோ தொடுகிறது என்று சந்தேகிக்கலாம். ஒற்றைத் துருவ எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். ஆகவே எம்.சி.பி.யை அணைத்துவிட்டோம், வயரைத் தொடலாம் என்று நினைப்பதும் தவறு. இரு துருவத்தையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்சை இறக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே தம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தானியங்கி நேரக் கருவி இருந்தால் இது இன்னும் முக்கியம். மாலை ஆறு மணிக்கு அது யாரையும் கேட்காமல் மின்சாரத்தை அனுப்பிவிடும்.

பிறகு பாதி வழியில், ஏழாவது கம்பத்தில், அடுத்த கம்பத்துக்குச் செல்லும் வயர்களைப் பிரித்து, இரண்டு பாதிகளையும் தனித்தனியே, வயர் உறையின் மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்தப் பாதியில் கோளாறு இருக்கிறது. அதை மறுபடியும் பாதியாக்குங்கள். நான்கு முறை பிரித்தால் பதினான்கில் ஒன்று அகப்பட்டுவிடும். மெக்கர் வைப்பதற்கு முன் எல்.இ.டி. விளக்குகளுக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவர்களைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் அளவும் தவறும், டிரைவரும் கெடும்.

டெஸ்டர் ஸ்குரூடிரைவரை மட்டும் நம்ப வேண்டாம். நியூட்ரல் அறுந்திருந்தால் அது இரண்டு வயரிலும் எரியும். செருப்புப் போட்டு உலர்ந்த இடத்தில் நிற்பவர் கையில் சில நேரம் எரியாமலும் போகும்.

20 அக்டோபர் 2024

ஒன்பதாவது கம்பம் என்று தெரிய வந்திருக்கிறது. கேள்வி கேட்டவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். டேப்பின் பசை உருகி வெளியே வழிந்திருக்கிறது, ஒட்டின் செம்பு பச்சை பூத்திருக்கிறது, ஒட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நன்றாக இருக்கும் உறையை நறுக்கிய இடத்திலும் உள்ளே செம்பு கறுத்திருக்கிறது. பலரும் கவனிக்காதது இந்த மூன்றாவது விஷயத்தைத்தான்.

பல இழை வயரில் இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய இடைவெளி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுக்கும். ஒட்டின் வாய் ஈரமாக இருந்தால் நீர் உறைக்குள்ளேயே ஊர்ந்து செல்லும். எனவே கறுத்த செம்பை உரசிவிட்டு அதே இடத்தில் மறுபடியும் ஒட்டுப் போடக் கூடாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை நறுக்கிக்கொண்டே போக வேண்டும். நீளம் போதவில்லையென்றால், அந்த இரண்டு கம்பங்களுக்கு இடையே புது வயர் இழுப்பதுதான் வழி.

சாதாரணப் பி.வி.சி. டேப் வறண்ட இடத்தில் நன்றாகவே உழைக்கும். சென்னையின் மே மாத வெயிலில் இரும்புக் கம்பத்தின் உட்புறம் அடுப்பங்கரைபோல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் பசை இளகி, டேப்பின் கடைசிச் சுற்று மெல்ல அவிழ்ந்துவிடும். அக்டோபரில் மழை வரும்போது அது வெறும் துணி சுற்றியதற்குச் சமம். எபாக்ஸி குழாய்க்கு நல்லது. ஆனால் வயரின் உறை வளையும்போதும் வெயிலில் விரியும்போதும் அது கூடவே அசைவதில்லை. ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல் விட்டால் போதும், நீர் உள்ளே போய்விடும், வெளியே வரவும் வழியிருக்காது.

21 அக்டோபர் 2024

அப்படியானால் எப்படித்தான் ஒட்டுப் போடுவது என்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். என் முதல் பதில், முடிந்தவரை ஒட்டே போடாதீர்கள் என்பது. மண்ணுக்கு அடியில் ஒட்டு இருக்கக் கூடாது. கம்பத்தின் அடியிலும் முறுக்கிய ஒட்டுக்குப் பதிலாக, வரும் வயரும் போகும் வயரும் சந்திக்கும் டெர்மினல் பிளாக் ஒன்றை, பேக்லைட் பலகையிலோ சிறிய பெட்டியிலோ பொருத்தி, அதிலிருந்து தனி ஃபியூஸ் அல்லது சிறு எம்.சி.பி. வழியாக மேலே விளக்குக்கு வயர் ஏற்றுவது நல்லது. அப்போது ஒரு விளக்கு கெட்டால் அந்த ஒரு விளக்கு மட்டும் அணையும். கோளாறு தேடும்போதும் நறுக்காமல், திருகைத் தளர்த்தியே பாதியாகப் பிரிக்க முடியும். பல இழை வயரைத் திருகின் கீழ் அப்படியே செருகினால் இழைகள் பிதுங்கும் என்பதால், முனையில் பின் லக் என்னும் சிறு உலோக முனையை மாட்டிக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் நசுக்கி இறுக்குங்கள். ஈயம் பற்றவைத்த முனையைத் திருகின் கீழ் வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் நாளடைவில் அமுங்கி, இணைப்புத் தளர்ந்து, சூடேறும்.

பெட்டியை எங்கே வைப்பது என்பது, பெட்டி எது என்பதைவிட முக்கியம். உங்கள் தெருவில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நீர் எதுவரை நின்றது என்று சுவரில் கறை இருக்கும். அந்தக் கறைக்கு மேலே கதவு இருந்தால் பெட்டியையும் மேலே வைத்துவிடலாம். கதவு கறைக்குக் கீழே இருந்தால், பெட்டியைக் கதவுக்கு மேலே கம்பத்தின் உட்குழிவில் கொக்கியில் தொங்கவிட்டு, வயர்களை அரை மீட்டர் கூடுதலாக விடுங்கள். பழுது பார்க்கும்போது முழு இணைப்பையும் கதவுக்கு வெளியே எடுத்துக் கண்ணால் பார்த்து வேலை செய்ய முடிய வேண்டும். கம்பத்துக்குள் கையை விட்டு, தடவிப் பார்த்துப் போடும் ஒட்டு ஒருநாளும் சரியாக அமைந்ததை நான் பார்த்ததில்லை. வயர்கள் பெட்டிக்குள் கீழிருந்து நுழையட்டும். நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கினால், வயரில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

தூசியையும் நீரையும் பெட்டி எவ்வளவு தடுக்கும் என்று சொல்வது அதன் மேல் எழுதியிருக்கும் ஐ.பி. எண். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.பி. 65 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும், மூழ்கினால் தாங்கும் என்று பொருளில்லை. ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். வேளச்சேரியில் நீர் 30 நிமிடத்தில் வடிந்த மழையை உங்களில் யாராவது நினைவுகூர முடியுமா? ஐ.பி. 68 பெட்டிக்கு ஆழத்தையும் நேரத்தையும் தயாரிப்பாளரே குறிப்பிட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒட்டுத் தவிர்க்க முடியாத இடத்தில், செம்போடு செம்பை இணைக்கும் கிரிம்ப் குழலைப் போட்டு, அதன்மேல் உட்புறம் பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை மூன்று வயருக்கும் தனித்தனியாகச் சுருக்கி, மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய குழாயால் மூடுங்கள். சூடேற்றும்போது இரு முனையிலும் பசை ஒரு மணிபோல் வெளியே தெரிய வேண்டும், தெரியவில்லையென்றால் அது அடைபடவில்லை. பசையில்லாத மலிவுக் குழாய் இதற்கு உதவாது. மூன்று ஒட்டுகளையும் ஒரே இடத்தில் அமைக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளி அமைப்பது பழைய வயர்மேன்கள் கைவிடாத வழக்கம். ஒன்றின் உறை கிழிந்தாலும் மற்றதைத் தொடாது.

பெட்டியின் ஓட்டைகளையும் கதவின் விளிம்பையும் சிலிக்கானால் அடைத்துவிடுங்கள்.

22 அக்டோபர் 2024

நேற்று எழுதிய கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அது தவறு.

கடையில் எளிதில் கிடைக்கும் சிலிக்கானில் பெரும்பாலானவை உலரும்போது வினிகர் வாசனை வரும் வகை. அந்த வாசனை அசிட்டிக் அமிலத்தினுடையது, மூடிய பெட்டிக்குள் அது செம்பை அரிக்கும். பழைய வேலை ஒன்றில் நானே அப்படி அடைத்த பெட்டியை மறு வருடம் திறந்தபோது, ஒரு சொட்டு நீர்கூட உள்ளே போகாமலே டெர்மினல்கள் பச்சை பூத்திருந்தன. இதை அறிந்திருந்தும் நேற்று அவசரத்தில் வெறுமனே சிலிக்கான் என்று எழுதிவிட்டேன். மின்வேலைக்கு ஏற்ற, அமிலம் வெளிவிடாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

கதவின் விளிம்பை அடைக்கச் சொன்னதும் சரியில்லை. பகலில் சூடேறி இரவில் குளிரும் கம்பத்தின் உட்சுவரில் நீர் பூக்கும். அது இறங்கி வெளியேற அடியில் ஒரு துளை வேண்டும். இணைப்பிருக்கும் பெட்டியை இறுக மூடுங்கள், கம்பத்தை மூச்சுவிட விடுங்கள். பெட்டியின் வயர் நுழைவுகளுக்குச் வயரைச் சுற்றி இறுகப் பிடிக்கும், சரியான அளவுள்ள கிளாண்டு போட்டால் சிலிக்கானே தேவைப்படாது.

26 அக்டோபர் 2024

திருவான்மியூர் வாசகர் ஒருவரின் கம்பங்களில் மண்ணுக்குள் வருவது உலோகக் கவசம் சுற்றிய அலுமினிய ஆர்மர் கேபிள், மேலே ஏறுவது செம்பு வயர். இரண்டையும் சேர்த்து முறுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறார். உடனே மாற்ற வேண்டிய இணைப்பு இது. அலுமினியத்தின் மேல் நொடிப்பொழுதில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு டிகிரி சூட்டுக்குச் செம்பு பத்து லட்சத்தில் 17 பங்கு விரிந்தால், அலுமினியம் 23 பங்கு விரியும். ஆகவே தினமும் எரிந்து அணையும் விளக்கில் இந்த முறுக்கு ஒவ்வொரு நாளும் சிறிது தளர்கிறது. ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல் ஆகி, அலுமினியம் கரையத் தொடங்கும். கடற்காற்றின் உப்பு அதை விரைவுபடுத்தும்.

இதற்கென்றே ஒரு பக்கம் அலுமினியமும் மறுபக்கம் செம்புமாகச் செய்த பைமெட்டல் லக் பாரிமுனைக் கடைகளில் கிடைக்கிறது. அலுமினிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்த்த உடனே, ஆக்சைடு படியாமல் காக்கும் பசையைத் தடவி லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள். பெட்டிக்குள் அலுமினியம் மேலேயும் செம்பு கீழேயும் இருக்கட்டும், செம்பின் மேல் வழிந்த நீர் அலுமினியத்தில் சொட்டினால் அரிப்பு கூடும்.

நெம்பைத் தூக்கி வயரைச் செருகும் லீவர் கனெக்டர் பற்றி அவரே கேட்டிருக்கிறார். செம்புக்கு அது நல்ல பொருள், ஆனால் அது தன்னளவில் நீரைத் தடுக்காது. அதற்கான ஜெல் பெட்டிக்குள் வைத்தால்தான் கம்பத்தில் பயன்படும்.

2 நவம்பர் 2024

தீபாவளிக்கு மறுநாள் வந்த கேள்வி: "எங்கள் ஒவ்வொரு கம்பத்துக்கும் தனி எர்த் பைப் இருக்கிறது. பிறகு எதற்கு ஆர்.சி.சி.பி.?"

ஒரு கணக்குப் போடுவோம். கம்பத்தின் எர்த் பைப்புக்கு 20 ஓம் தடை என்று வையுங்கள், கோடையில் வறண்ட மண்ணில் இது அதிசயமில்லை. 230 வோல்ட் ஃபேஸ் வயர் கம்பத்தைத் தொட்டால் ஓடும் மின்சாரம் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். உங்கள் எம்.சி.பி. 16 ஆம்பியருடையது. அதற்கு இது சாதாரணச் சுமை, இரவு முழுவதும் விழாது. கம்பம் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டிலும் நிற்கும். அதே 20 ஓம் எர்த்தோடு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், கம்பத்தின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை எட்டும் முன்பே, 0.6 வோல்ட் அளவிலேயே, அது விழுந்தாக வேண்டும்.

எர்த் பைப்பை எடுத்துவிடச் சொல்லவில்லை. பச்சை வயர் ஒன்று எல்லாக் கம்பங்களையும் இணைத்துப் பெட்டிவரை அறுபடாமல் வர வேண்டும், கம்பத்தின் இரும்போடும் கதவோடும் அது திருகால் இணைந்திருக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் திருகினால் இணைப்பாகாது, சுரண்டிவிட்டுத் திருகுங்கள். எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலைக் கம்பத்தோடு கட்டிவைக்கும் வழக்கத்தை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். வழியில் நியூட்ரல் அறுந்தால், எரியாத விளக்கின் வழியாக ஃபேஸ் வந்து கம்பத்தில் நிற்கும்.

9 நவம்பர் 2024

டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது ஆர்.சி.சி.பி.யின் துண்டிக்கும் இயக்கத்தை மட்டுமே சோதிக்கிறது, எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது.

10 நவம்பர் 2024

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா, டேப் ஒட்டில்தான் ஊரே ஓடுகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்காக இதை எழுதுகிறேன்.

2009இல் அம்பத்தூரில் ஒரு வளாகத்தின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தேன். தோட்டத்து விளக்குக் கம்பம் ஒன்றில் வயர் நீளம் போதாமல், மாலை நேர அவசரத்தில், நானே முறுக்கி டேப் சுற்றி, கம்பத்தின் அடியிலேயே தள்ளிவிட்டுக் கதவை மூடினேன். பிறகு வந்து சரிசெய்யலாம் என்று எண்ணியது நினைவிருக்கிறது. எட்டு மாதம் விளக்கு நன்றாக எரிந்தது. ஒரு நாள் மாலை, தோட்டக்காரர் குழாயால் நீர் பாய்ச்சியபடி அந்தக் கம்பத்தில் கை ஊன்றினார். கை ஒட்டிக்கொண்டது. அருகில் நின்ற காவலாளி ஓடிச்சென்று மெயின் சுவிட்சை இறக்கியதால் பிழைத்தார். உள்ளங்கையில் தீப்புண்ணோடு மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தார். அவரைப் பார்க்கப் போனபோது, "கம்பத்துல கை வெச்சது என் தப்புதான் சார்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஒட்டைப் போட்டவன் நான் என்று அன்று அவரிடம் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னேன்.

அந்த மின்சுற்றில் ஆர்.சி.சி.பி. இல்லை, எர்த் பைப் மட்டுமே இருந்தது. எம்.சி.பி. கடைசிவரை விழவில்லை. 2ஆம் தேதி எழுதிய கணக்கை நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு வேளச்சேரியிலிருந்து செய்தி. கம்பங்களைச் சுற்றிக் கணுக்கால் அளவு நீர் நின்றும் புதிய பெட்டிகள் உலர்ந்தே இருந்தன. ஆனால் ஆர்.சி.சி.பி. ஒருமுறை விழுந்தது. மெக்கரில் எல்லாம் நன்றாகவே காட்டுகிறதாம்.

இதற்கு வேறொரு காரணம் இருக்கக்கூடும். நல்ல எல்.இ.டி. டிரைவரும் எர்த்துக்குச் சிறிதளவு மின்சாரத்தைக் கசியவிடும். ஒன்றுக்கு அரை மில்லியாம்பியர் என்று வைத்தால் பதினான்குக்கு ஏழு. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், ஆகவே மழைக்கால ஈரம் சற்றுக் கூடினாலே எல்லையைத் தொட்டுவிடும். ஏழு ஏழு கம்பங்களாகப் பிரித்து இரண்டு ஆர்.சி.சி.பி. போடுங்கள். 100 மில்லியாம்பியருக்கு மாற்றலாமா என்று வேளச்சேரி வாசகர் கேட்டிருக்கிறார். மனிதர் கைபடும் கம்பத்துக்கு வேண்டாம்.

14 டிசம்பர் 2024

நேற்றுக் கார்த்திகை தீபத்துக்காக வேளச்சேரியில் யாரோ மூன்றாவது கம்பத்தின் கதவைத் திறந்து, புதுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, சீரியல் விளக்குக்கு இரண்டு வயரைச் செருகியிருக்கிறார்கள். மூடி தரையில் கிடந்ததாம். 12ஆம் தேதி பெய்த மழை நேற்றும் பெய்திருந்தால் அந்தப் பெட்டி போயிருக்கும்.

அவர்களைத் திட்டுவதில் பயனில்லை, விளக்குப் போட அவர்களுக்கு வேறு இடம் இல்லை. வாயிற்பெட்டியிலிருந்து, அதே ஆர்.சி.சி.பி.யின் கீழ், மூடியுள்ள வெளிப்புறப் பிளக் பாயின்ட் இரண்டை இடுப்புயரத்தில் வைத்துக்கொடுங்கள். கம்பக் கதவுகளுக்கு முக்கோணச் சாவி போடும் பூட்டு வாங்குங்கள். மூன்றாவது பெட்டியின் ரப்பர் வளையத்தை எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டியிருந்தால் துடைத்துப் போடாமல் புதிதாக மாற்றிவிட்டு, மெக்கர் வைத்த பிறகு விளக்கைப் போடுங்கள்.